மூன்றாவது டிஸ்க்

உத்திரமேரூர்
7.10.2025

அன்புள்ள ஹரிக்கு,

வளர்மதி எழுதுகிறேன். உன் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. ஏரிக்கரைக்குப் போய் உன் அம்மாவிடம் கேட்டேன். புது நம்பர் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஓசூர் மெஸ் விலாசம் எழுதிய காகிதத்தை மட்டும் நீட்டினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கடிதம் என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜை அன்று நம் ஆஸ்பத்திரியின் சர்வர் அறை எரிந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் இருவரும் மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த டைரக்டரி சர்வர் கரிக்கட்டையாகக் கிடக்கிறது.

வருஷா வருஷம் செய்வதைத்தான் செய்தோம். சர்வருக்குச் சந்தனம், குங்குமம், கதவில் வாழைக்கன்று, கலர் காகிதத் தோரணம். அக்கவுண்ட்ஸ் பீரோவில் இருந்த பேக்கப் டிஸ்க்கைக் கொண்டு வந்து, சர்வர் அறையில் இருந்த இன்னொன்றோடு சேர்த்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைத்தேன். பூஜையில் வைத்ததை விஜயதசமிக்குத்தானே எடுப்போம்? அப்படியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். விளக்குத் திரியை எலி இழுத்துத் தோரணத்தில் விட்டிருக்கும் என்கிறார் எலெக்ட்ரீஷியன் தாமோதரன். வருஷம் முழுக்கத் தனித்தனியாக இருந்த இரண்டு காப்பியும் அந்த ஒரு நாள்தான் ஒரே இடத்தில் இருந்தன. கொண்டு வந்து வைத்தது நான்.

நோயாளிகளின் பதிவெல்லாம் மாடி அறையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது பூட்டிய பெட்டி. யார் நம் ஆள், யாருக்கு எது திறக்கும் என்பதும் அந்தப் பெட்டியின் சாவியும் டைரக்டரிக்குள்தான் இருந்தன. இப்போது டாக்டர்களாலேயே உள்ளே போக முடியவில்லை. வலிப்புக்கு மருந்து சாப்பிடும் குழந்தைகளுக்குப் போன மாதம் என்ன அளவு கொடுத்தோம் என்று சுலோச்சனா சிஸ்டர் தாய்மார்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று ஒரு அம்மா, வெள்ளை மாத்திரை என்று மட்டும் சொன்னாராம். வெள்ளை மாத்திரை எத்தனையோ இருக்கிறது.

மூன்றாவது டிஸ்க் என்று ஒன்று இருந்தது. ஒரு காப்பி எப்போதும் கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று நான் சொல்லி, நாம் முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனது. பிப்ரவரியில் உன் முறை. அப்போது நான் பிரசவ லீவில் இருந்தேன். உன்னை வேலையை விட்டு எடுத்த செய்தியே ஜூனில் திரும்பி வந்த அன்றுதான் எனக்குத் தெரியும். எடுத்துப் போகச் சொன்னது நான்தான் என்று நிர்வாக அதிகாரி பாண்டுரங்கன் சாரிடம் அன்றைக்கே சொன்னேன். “அது முடிஞ்சு போச்சும்மா” என்றார்.

அந்த டிஸ்க் உன்னிடம் இருந்தால் கொடுத்துவிடு. இல்லையென்றாலும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
வளர்மதி


ஓசூர்
13.10.2025

மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தை ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. எதுவானாலும் நன்றாக இருக்கட்டும்.

“உன்னிடம் இருந்தால் கொடுத்துவிடு” என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டேஷனிலும் இப்படி மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள்.

நடந்ததை நீங்கள் யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அன்று பாண்டுரங்கன் சார் எதற்கோ சாமான் கணக்கு எடுத்தார். டிஸ்க் ஒன்று குறைந்தது. எங்கே என்றார். வீட்டில் இருக்கிறது சார் என்றேன். “ஆஸ்பத்திரி சாமான் இருளர் குடிசைல இன்னாய்யா பண்ணுது?” என்று கேட்டார். மேடம் செய்த ஏற்பாடு என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்றார். இல்லை. போய் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினேன். கேட்டைச் சாத்திவிட்டுப் போலீஸுக்குப் போன் போட்டார். பகல் முழுக்க என்னை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு எங்கள் வீட்டைப் புரட்டினார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தார்களாம். எங்கள் தெருவே நின்று பார்த்திருக்கிறது.

டிஸ்க் கிடைக்கவில்லை. அதை வீட்டில் தனியாக விடக் கூடாது என்று அம்மாவிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். அம்மா களை எடுக்கப் போகும்போது சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். சாமான் கிடைக்காததால் கேஸ் எழுதாமல் விட்டார்கள். வேலை மட்டும் போனது.

மறுநாள் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் எல்லப்பன் அண்ணன் என் பையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “உன்ன உள்ள வுட்டா என் வேல பூடும்டா. பையில இன்னா கீதுன்னு எனக்குத் தெரியவே வாணாம். போய்டு.” என்மேல் இரக்கம் வைத்துத்தான் சொன்னார். அன்றைக்கு அதைக் கொடுத்திருந்தால் அதையே சாட்சியாக வைத்து என்னை உள்ளே தள்ளியிருப்பார்கள்.

டிஸ்க் இருக்கிறது. இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது. இந்தக் காகிதத்தை நீங்கள் யாரிடமாவது காட்டினால் என் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும். வெள்ளை மாத்திரை என்று நீங்கள் எழுதியதால்தான் சொல்கிறேன்.

எனக்கு ஒரு காகிதம் வேண்டும். உங்கள் உத்தரவால்தான் ஹரி அதை வீட்டில் வைத்திருந்தான் என்று, உங்கள் பதவி, கையெழுத்து, சீல் எல்லாம் போட்டு. போன் பண்ண வேண்டாம். வாய்ப்பேச்சை நம்பி ஒரு தடவை போனது போதும்.

இப்படிக்கு,
அ. ஹரி


உத்திரமேரூர்
16.10.2025

அன்புள்ள ஹரி,

பெண் குழந்தை. தவழ ஆரம்பித்துவிட்டாள். இந்தக் கடிதத்தை இரண்டு முறை இழுத்துக் கீழே போட்டுவிட்டாள்.

நீ எழுதியதைப் படித்து அழுதேன். அழுது உனக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. என்னை நீ மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

நீ கேட்ட காகிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். காரணத்தை மறைக்க விரும்பவில்லை. தீ விபத்துக்கு என்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். இரண்டு டிஸ்க்கையும் ஒரே அறையில் வைத்தது யார் என்பதுதான் கேள்வி. இந்த நேரத்தில் மூன்றாவது டிஸ்க்கை யாரையும் கேட்காமல் வெளியே அனுப்பியதும் நான்தான் என்று சீல் போட்டுக் கொடுத்தால், உள்ளே இருந்ததை எரித்தவளும் வெளியே விட்டவளும் இவள்தான் என்று இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். என் வீட்டுக்காரருக்குப் படப்பையில் வேலை போய் நாலு மாதம் ஆகிறது. இப்போது என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அதனால் வேறொரு வழி யோசித்தேன். உன் அம்மா டிஸ்க்கை என்னிடம் சத்தமில்லாமல் கொடுத்துவிடட்டும். பழைய மருந்து ஸ்டோர் அலமாரியில், அட்டைப்பெட்டிக்கு அடியில் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். கிடைத்த சந்தோஷத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தொலைந்ததே இல்லை என்று ஆகிவிட்டால் திருடியவனும் கிடையாதல்லவா? உன் பழியும் அதோடு போய்விடும். எனக்கும் தொல்லை இல்லை, உனக்கும் தொல்லை இல்லை.

நல்ல யோசனை என்று நினைக்கிறேன். நாள் போய்க்கொண்டே இருக்கிறது. தீபாவளிக்குள் பதில் போடு.

அன்புடன்,
வளர்மதி


ஓசூர்
23.10.2025

மேடம் அவர்களுக்கு,

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன். உங்களைப் பார்க்க வரவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உங்கள் யோசனையைப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துப் பார்த்தேன். உங்களுக்கு நல்ல யோசனைதான். அலமாரியில் கிடைத்தது என்று சொல்லிவிட்டால் அதை இத்தனை மாதம் காப்பாற்றியது அலமாரியா?

அந்த டிஸ்க்கை அம்மா இன்னும் தூக்கிக்கொண்டுதான் திரிகிறாள். வயலுக்குப் போனால் வயலுக்கு, ரேஷன் கடைக்குப் போனால் ரேஷன் கடைக்கு. மழையில் நனையாமல் இருக்க இரண்டு பாலிதீன் கவர் சுற்றி வைத்திருக்கிறாள். எனக்கே அது தெரியாது. தீபாவளி அன்று பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். “இன்னாத்துக்குமா இத்த இன்னும் தூக்கினு திரியிற?” என்று கேட்டேன். “நீதான தனியா வுடாதன்னு சொன்ன. வாணாம்னு நீ இன்னும் சொல்லலியே” என்றாள்.

நீங்கள் சொன்னீர்கள், நான் செய்தேன். நான் சொன்னேன், அவள் செய்தாள். எனக்காவது சம்பளம் கொடுத்தீர்கள். அவளுக்கு அரிசிப் பானையைக் கவிழ்த்ததுதான் மிச்சம். இதை ஒரு அட்டைப்பெட்டிக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நிஜமாகவே புரிகிறது. ஆனாலும் காகிதம் வேண்டும். அதோடு இன்னொன்றும் வேண்டும். காகிதத்தை எனக்கு அனுப்பாதீர்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஏரிக்கரைக்குப் போய், எங்கள் ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து, சத்தமாகப் படித்துவிட்டு அவள் கையில் கொடுங்கள். போலீஸ் வந்ததை நின்று பார்த்தவர்கள் இதையும் நின்று கேட்கட்டும். படிக்காமல் டிஸ்க்கைத் தரக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

குழந்தைகளை நினைத்து மற்றதை இப்போதே எழுதிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் பழைய காப்பியை அந்த சர்வர் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளாது. புது மெஷினை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு, அதன் தேதியைப் பிப்ரவரிக்குத் திருப்பி வைத்துக்கொண்டு ரெஸ்டோர் செய்யுங்கள். எல்லாம் எழுந்து நின்ற பிறகு தேதியைச் சரி செய்யலாம். நீங்கள் நீண்ட லீவில் போனதால் விதிப்படி உங்கள் கணக்கை அப்போது நான் முடக்கி வைத்திருந்தேன். அந்தக் காப்பியில் என் கணக்கு ஒன்றுதான் உங்களுக்குத் திறக்கும். என் பழைய பாஸ்வேர்டையும் ரெஸ்டோர் பாஸ்வேர்டையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். டிஸ்க் கைக்கு வராவிட்டால் அது வெறும் தாள்தான்.

இப்படிக்கு,
அ. ஹரி


உத்திரமேரூர்
31.10.2025

அன்புள்ள ஹரி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாவது நாள் என்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று டிரஸ்ட் தலைவர் பஞ்சாட்சரம் டாக்டருக்கு, ஒன்று பாண்டுரங்கன் சாருக்கு, ஒன்று உன் அம்மாவுக்கு. பாண்டுரங்கன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “யோசிச்சுத்தான் கையெழுத்துப் போட்டியாம்மா? மெமோ வரும்” என்றார். மறுநாளே வந்தது. இந்த வருஷம் இன்க்ரிமெண்ட் கிடையாது. வேலை இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் நான் என்ன பழி கொண்டு வந்திருக்கிறேனோ என்றுதான் பார்த்தார்கள். நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன். “நல்லா சத்தமா படிம்மா, அங்கம்மா கெழவிக்கு ஒரு காது மந்தம்” என்று பின்னாலிருந்து உங்கள் தெருச் சின்னதம்பி குரல் கொடுத்தார். ‘ஹரி மருத்துவமனையின் பொருளைத் திருடவில்லை, என் உத்தரவுப்படி அதைப் பாதுகாத்து வந்தார்’ என்ற இடத்தில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். உன் அம்மா அழவில்லை. “அந்த எடத்த மட்டும் இன்னொரு தபா படி” என்றார். படித்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் பைக்குள் கை விட்டார். டிஸ்க் மேலே லேசாகக் கருவாட்டு வாசனை. “எண்ண கிண்ண ஒண்ணும் படல. பாத்துக்கோ” என்று கையில் வைத்தார். நான் வண்டியின் முன்கூடையில் போடப் போனேன். “அங்க இன்னாத்துக்கு வெக்கிற? மடியில வெச்சினு போ” என்று அதட்டினார். சின்னதம்பியின் மகன் வண்டியை ஓட்ட, நான் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

புது மெஷினின் தேதியைப் பிப்ரவரிக்குத் திருப்பினேன். அந்தத் தேதியில் நீ வேலையில் இருக்கிறாய். என் மகள் பிறந்து சில நாள்தான் ஆகிறது. ரெஸ்டோர் ஓடி முடியும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் உன் பெயரைப் போட்டு, உன் பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்தது. மாடிப் பெட்டியின் சாவி அதற்குள் அப்படியே இருந்தது.

அதன் பிறகு மூன்று நாளும் ஒரே கூத்து. எல்லோருக்கும் பிப்ரவரி பாஸ்வேர்டுதான் செல்லும், ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. கோடையில் சேர்ந்த நர்ஸுகளை அதற்குத் தெரியவே தெரியாது. கல்யாணமாகிப் பழையசீவரம் போய்விட்ட லேப் பெண் பெயர்ப் பட்டியலில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கழற்றித் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளை மாத்திரைக்காரக் குழந்தையின் பதிவைத்தான் முதலில் திறந்தோம். சுலோச்சனா சிஸ்டர் திரையைப் பார்த்து அளவைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. அந்த சர்வரைப் பொறுத்தவரை நீ போகவே இல்லை. உன் கணக்கு முழு அதிகாரத்தோடு அப்படியே இருக்கிறது. “அந்தப் பையன் பேர மொதல்ல எடுத்துடும்மா” என்று பாண்டுரங்கன் சார் சொன்னார். நான் எடுக்கவில்லை. நேராகப் பஞ்சாட்சரம் டாக்டரிடம் போய்ப் பேசினேன். உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். வாயால் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று எழுத்தில் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன்.

வந்துவிடு ஹரி. உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
வளர்மதி


ஓசூர்
6.11.2025

வளர்மதி அக்காவுக்கு,

நீங்கள் படித்ததை அம்மா போனில் எனக்குத் திரும்பச் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். உங்கள் இன்க்ரிமெண்ட் போனதற்கு வருத்தப்படுகிறேன். நீங்கள் செய்ததற்கு நன்றி என்று சொன்னால் சின்னதாக இருக்கும்.

டாக்டர் எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் வரப் போவதில்லை அக்கா. உங்கள்மேல் கோபத்தில் இல்லை. சர்வருக்கு வேண்டுமானால் அந்த நாள் தெரியாமல் இருக்கலாம். எல்லப்பன் அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது பையைத் திறந்து காட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே நான் திறந்து காட்டுவேன். இங்கே ஓசூரில் வேலை செய்யும் இடத்திலும் அப்படித்தான் செய்கிறேன், சிரிக்கிறார்கள். அங்கே வந்தால் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவே போகாது.

என் பெயரை எடுத்துவிடுங்கள். பாண்டுரங்கன் சார் சொன்னதற்காக இல்லை, நான் சொல்வதற்காக.

உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்காது. பிப்ரவரியில் என் கணக்கை எடுத்தது நான்தான். நீங்களும் லீவில் இருந்ததால் அதை எடுக்க வேறு யாருக்கும் தெரியவில்லை. ஸ்டேஷனிலிருந்து திரும்பக் கூட்டி வந்து, சர்வர் அறையில் உட்கார வைத்து, உன் பேரை நீயே எடு என்றார்கள். காரணம் எழுதும் இடத்தில் ‘திருட்டு’ என்று அடிக்கச் சொன்னார் பாண்டுரங்கன் சார். அடித்தேன். ஒரு எழுத்து தப்பாக விழுந்தது, அதைக்கூடத் திருத்தினேன்.

இந்த முறை நீங்கள் எடுங்கள். காரணத்தில் ‘தானாக விலகினார்’ என்று போடுங்கள். இப்போது அது உண்மை.

உங்கள் தம்பி,
ஹரி


உத்திரமேரூர்
12.11.2025

அன்புள்ள தம்பி ஹரிக்கு,

எடுத்துவிட்டேன். நிச்சயமாக எடுக்கலாமா என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்த எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அதற்கு முன்பே காரணத்தை எழுதியிருந்தேன், நீ சொன்ன இரண்டு வார்த்தைதான். அதைத் திரையிலிருந்து அப்படியே அச்செடுத்து, ஏரிக்கரைக்குக் கொண்டு போய் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“அப்ப எம்புள்ள பேரு இனிமே அங்க இல்லியா?” என்று கேட்டார். இல்லை, அவனே வேண்டாம் என்று விலகிக்கொண்டான், அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றேன். அந்தத் தாளையும் வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு, “அப்ப நானு சக்கர மாத்திரைக்கு இனிமே அங்க வர்லாமா? மாசா மாசம் காஞ்சீவரம் போயினு வர்றது பேஜாரா கீது” என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வந்து பதிவைத் திறந்து பார்த்தேன். அவர் கடைசியாக மாத்திரை வாங்கியது ஜனவரியில். திருடன் அம்மா என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். காலையில் கேட்டுக்கு நானே போய் நின்று அழைத்து வரப் போகிறேன்.

அன்புடன்,
வளர்மதி அக்கா